கூலியாகக் கிடைத்த மந்திரம்

குழந்தைகள் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று விதி வகுத்துச் சொல்லும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. சிறு வயதில் கையில் அகப்பட்டதையெல்லாம் படித்தவன் நான். மளிகைக் கடைப் பொட்டலத் தாளைக்கூட விட்டதில்லை. அதனால் கெட்டுப்போனேனா, உருப்பட்டேனா என்பது இன்னும் தீர்ப்பாகாத வழக்கு. இப்படிப்பட்டவனிடம் சென்ற மாதம் என் தங்கை மகள் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். "மாமா, இதை இவ படிக்கலாமா வேண்டாமான்னு நீங்க பார்த்துச் சொல்லணும். லைப்ரரியிலேருந்து எடுத்துட்டு வந்திருக்கா. வருஷத்துக்கு ஒரு பையன் சாகிறானாம். ராத்திரியிலே எலும்பை அரைக்கிறாங்களாம். பதினோரு வயசுக் குழந்தைக்கு இதெல்லாம் தேவையா?" என்றாள். 'இவ' என்று குறிப்பிடப்பட்ட சிறுமி கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். அன்றிரவே படித்து முடித்தேன். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். நாவல் எழுதிப் பிழைக்கிறவன் இன்னொருவருடைய நாவலை இரண்டாம் முறை உடனே படிப்பது அபூர்வம். அப்படிப் படித்தால் பொறாமை காரணமாக இருக்க வேண்டும், அல்லது மனசில் எங்கோ முள் தைத்திருக்க வேண்டும். எனக்கு இரண்டும் இருந்தன.

நாவலின் பெயர் 'கிராபாத்'. ஆசிரியர் ஓட்ஃபிரீட் பிராய்ஸ்லர் என்ற ஜெர்மன் எழுத்தாளர். 1971-ல் வெளிவந்து, மறு ஆண்டே ஜெர்மனியில் சிறுவர் நூல்களுக்கான பரிசைப் பெற்றது. ஜெர்மன் எனக்குத் தெரியாது. ஆன்தியா பெல் அம்மையாரின் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன்.

கதை நடப்பது ஜெர்மனியின் கிழக்குக் கோடியில், லௌசிட்ஸ் என்ற சதுப்பு நிலப் பிரதேசத்தில். சோர்பியர் அல்லது வெண்டியர் என்று அழைக்கப்படும் சிறிய ஸ்லாவிய இனத்தார் அங்கே இன்றும் தங்கள் மொழியைப் பேசி வாழ்கிறார்கள். அவர்களிடையே வழங்கிவந்த நாடோடிக் கதை இது. அதன் வேரில் ஒரு நிஜ மனிதர் இருந்ததாகச் சொல்கிறார்கள். 1704-ல் இறந்த யோஹான் ஷாடோவிட்ஸ் என்ற குரோவேஷியப் படைத் தலைவர் அவர். குரோவேஷியன் என்ற சொல்லே மக்கள் வாயில் 'கிராபாத்' ஆயிற்றாம். நாவலின் காலமும் ஏறக்குறைய அதுவே. சாக்ஸனி அரசர் சுவீடனோடு சண்டையிட்டுக்கொண்டிருந்த காலம். ஊரெல்லாம் படைக்கு ஆள் பிடிப்பவர்கள் திரிகிறார்கள். பஞ்சம், பனி, அநாதைகள்.

கிராபாத் பதினான்கு வயதுப் பையன். தாய் தந்தை இல்லை. புது வருஷம் பிறந்த சில நாட்களில் இன்னும் இரண்டு பையன்களோடு சேர்ந்து, ஏசுவைத் தேடி வந்த மூன்று ராஜாக்களாக வேஷம் போட்டு, வீடு வீடாகப் பாடிப் பிச்சை எடுக்கிறான். ஒரு நாள் ராத்திரி கனவு வருகிறது. ஒரு கம்பில் பதினொரு காக்கைகள். ஓர் இடம் மட்டும் காலி. ஷ்வார்ட்ஸ்கொல்ம் கிராமத்து மாவாலைக்கு வா என்று ஒரு குரல் அழைக்கிறது. மறுபடியும் அதே கனவு. பையன் போகிறான்.

அது ஓடை நீரில் சக்கரம் சுழன்று மாவரைக்கும் ஆலை. எஜமானருக்கு ஒரு கண் இல்லை. அவர் முன்னே மண்டையோட்டில் செருகிய மெழுகுவர்த்தியும் சங்கிலியால் பிணைத்த தடித்த புத்தகமும் இருக்கின்றன. மாவரைக்க மட்டும் கற்றுக்கொள்கிறாயா, மற்றதையும் சேர்த்தா என்று அவர் கேட்கிறார். மற்றதையும் சேர்த்துத்தான் என்கிறான் பையன். எஜமானர் இடது கையை நீட்டுகிறார். கை குலுக்கியதும் அதுவரை நின்றிருந்த ஆலை ஓடத் தொடங்குகிறது.

வெள்ளிக்கிழமை இரவுகளில் பையன்கள் பன்னிருவரும் காக்கைகளாகிக் கம்பில் அமர்கிறார்கள். எஜமானர் அந்த மந்திரப் புத்தகத்திலிருந்து பாடத்தை மூன்று முறை வாசிக்கிறார். நினைவில் நிறுத்தியவனுக்கு அது சொந்தம். அமாவாசை இரவுகளில் தொப்பியில் சிவப்பு இறகு செருகிய ஒருவன் வண்டியில் வருகிறான். மற்ற நாட்களில் ஓடாத ஏழாவது கல் அன்று மட்டும் ஓடுகிறது. அதில் அரைபடுவது தானியம் அல்ல. வந்தவன் யார் என்று ஆசிரியர் சொல்லவில்லை, வாசகனும் கேட்பதில்லை. வருஷக் கடைசி இரவில் பையன்களில் ஒருவன் செத்துப்போகிறான். அதுதான் எஜமானர் செய்துகொண்ட ஒப்பந்தம். ஒரு பையனைக் கொடுக்காவிட்டால் அவரே போக வேண்டும்.

இப்படி மூன்று வருஷம். முதல் வருஷம் கிராபாத்துக்கு அண்ணன்போல் இருந்த டோண்டா போகிறான். இரண்டாம் வருஷம் மிஹால். மூன்றாம் வருஷம் யார் என்பதுதான் நாவல்.

கதைச் சுருக்கத்தை இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அநாதைச் சிறுவனையும் மந்திரத்தையும் வைத்துக் கதை சொல்வது மேல்நாட்டில் பழைய வழக்கம். பெற்றோரை முதல் அத்தியாயத்திலேயே சாகடித்துவிட்டால் ஆசிரியருக்கு எவ்வளவோ சௌகரியம்! வேளைக்குச் சாப்பிடு, இருட்டில் போகாதே என்று தடுக்க ஆள் கிடையாது. ஆனால் அந்த அநாதைகளைக் கவனித்துப் பாருங்கள். ஆலிவர் ட்விஸ்ட் கடைசியில் நல்ல குடும்பத்துப் பிள்ளை, சொத்துக்கு உரியவன். ஜேன் அயருக்கு முகம் தெரியாத சித்தப்பாவின் பணம் வருகிறது. காலராவில் பெற்றோரை இழந்து இந்தியாவிலிருந்து போன மேரி லெனாக்ஸுக்கு ஒரு மாளிகையும், பூட்டிக் கிடந்த தோட்டமும் கிடைக்கின்றன. 1997 முதல் உலகமெல்லாம் புகழ்பெற்ற ஹாரி பாட்டருக்கோ பொன் நிறைந்த பெட்டகம் பாங்கியில் காத்திருக்கிறது. மந்திரமும் பிறப்பிலேயே வந்த சொத்து. இந்தக் கதைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. நமக்கெல்லாம் பிரியமானவை. ஆனால் அவை அநாதைக்குச் சொல்லும் ஆறுதல் ஒன்றே: 'நீ உண்மையில் அநாதை இல்லை. உனக்கும் பிதுரார்ஜிதம் உண்டு. பத்திரம்தான் வந்து சேரவில்லை.'

கிராபாத்துக்கு எந்தப் பத்திரமும் வருவதில்லை. அவன் யாருடைய மறைந்துபோன வாரிசும் அல்ல. மந்திரம் அவனுக்குக் கிடைப்பது பரம்பரைச் சொத்தாக அல்ல, கூலியாக. வேலை செய்கிறான், சம்பாதிக்கிறான். பிராய்ஸ்லரின் பெரிய கண்டுபிடிப்பு இதுதான் என்று தோன்றுகிறது எனக்கு. மந்திரம் எஜமானரின் சோற்றோடு வருகிறது. ஆகவே, அந்தச் சோறு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

சோற்றிலிருந்தே அவர் தொடங்குகிறார். நல்ல நாவலாசிரியர் என்பதற்கு அதுவே அத்தாட்சி. சாதாரண ஆசிரியராக இருந்தால் பையனை மிரட்டி, கட்டி இழுத்து வந்திருப்பார். இங்கே எஜமானர் யாரையும் கட்டி இழுப்பதில்லை. பசித்தவனுக்கு வயிறு நிறையக் கஞ்சியும் ரொட்டியும் கிடைக்கின்றன. குளிரில் அலைந்தவனுக்குப் படுக்கையும், அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்தும் உடையும் கிடைக்கின்றன. முதலில் உடம்பை முறிக்கும் வேலை. மாவுத் தூசி நிறைந்த அறையைப் பெருக்கப் பெருக்கத் தூசி மறுபடியும் படிகிறது. பையனுக்கு அழுகை வருகிறது. பிறகு மந்திரத்தின் பலத்தால் அதே வேலை லேசாகிறது. பெருமை உண்டாகிறது. ஆள் பிடிக்க வந்த பட்டாளத்துக்காரர்களை இந்தப் பையன்கள் ஏமாற்றிவிட்டுக் காக்கைகளாய்ப் பறந்துபோகும் அத்தியாயத்தில் நாமும் சிரிக்கிறோம். அவர்கள் பக்கம் சேர்ந்துவிடுகிறோம். சோறு, பிறகு தொழில், பிறகு பெருமை, கடைசியில் மௌனம். இந்த வரிசையை ஆசிரியர் எங்கேயும் விளக்கிச் சொல்வதில்லை. மூன்று வருஷத்தை ஒரே அச்சில் வார்த்து, ஒவ்வொரு வருஷமும் பனி, ஈஸ்டர், வேனில், மறுபடி பனி என்று திருப்பித் திருப்பிக் காட்டுகிறார். 'அலுப்பாக இல்லையா?' என்று ஒரு நண்பர் கேட்டார். அலுப்பாக இல்லை. ஆலைச் சக்கரம் வேறு எப்படிச் சுற்றும்?

இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் ஒரு சிறிய காட்சி வருகிறது. டோண்டாவைப் புதைத்தாயிற்று. அவன் இடத்துக்கு விட்கோ என்ற புதுப் பையன் வருகிறான். அவன் உடுத்திக்கொண்டு வருவது டோண்டாவின் உடை. கிராபாத்துக்கு மனசு பதறுகிறது. ஆனால் காரியம் நடந்துவிட்டது. முதல் நாள் அவனுக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய உடையும் இப்படி யாரோ ஒருவன் விட்டுப்போனதுதான் என்பது வாசகனுக்கு அப்போதுதான் உறைக்கிறது.

எனக்கு முள் தைத்த இடம் அதுதான். அதைச் சொல்லாமல் இந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதினால் அது நேர்மையான விமரிசனமாக இருக்காது.

என் தகப்பனார் இறந்தபோது எனக்கு வயது பன்னிரண்டு. தூரத்து உறவினர் ஒருவர் என்னை அழைத்துப்போய், வேறு ஊரில் ஒரு ஜவுளிக் கடையில் சேர்த்துவிட்டார். மூன்று வேளையும் சோறு போட்டார்கள். அந்தச் சோற்றை இன்றும் நான் குறை சொல்ல மாட்டேன். கடையில் என்னைவிட இரண்டு வயது மூத்த பையன் ஒருவன் இருந்தான். துணியை உதறி மடிப்பது எப்படி, வாடிக்கைக்காரர் முகம் பார்த்துப் புடவை எடுத்துப் போடுவது எப்படி என்பதையெல்லாம் அவன்தான் கற்றுக்கொடுத்தான். ஒரு நாள் கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தது. அவன் எடுத்தான் என்றார்கள். எடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியும், கண்ணால் பார்த்திருந்தேன். அது கடையில் வேலை பார்த்தவர் அல்ல, வீட்டு மனிதர். நான் வாய் திறக்கவில்லை. அன்று மாலையே பையனை அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் தீபாவளி. அவனுக்கென்று தைத்திருந்த நீலச் சட்டையை எனக்குக் கொடுத்தார்கள். போட்டுப் பார்த்தேன். சரியாகவே இருந்தது.

என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. சொன்னால் சோறு போய்விடும் என்றுகூட எவரும் சொல்லவில்லை. எனக்கே தெரிந்திருந்தது. அந்தத் தெரிதலை நாற்பது வருஷமாக நாவல் எழுதியும் நான் எழுதியதில்லை. ஒரு ஜெர்மன்காரர் குழந்தைகளுக்காக எழுதிவைத்திருக்கிறார். பொறாமை என்று முதலில் சொன்னது இதைத்தான்.

அவர் எப்படி எழுதினார் என்பதற்கு அவருடைய வாழ்க்கை ஓரளவு பதில் சொல்கிறது. பிராய்ஸ்லர் 1923-ல் பொஹீமியாவில், இன்று செக் நாட்டிலுள்ள லிபெரெட்ஸ் நகரில் பிறந்தவர். அன்று அதற்கு ரைஹன்பர்க் என்று பெயர். ஹிட்லரின் ஆட்சி அங்கே வந்து சேர்ந்தபோது பள்ளி மாணவன். 1942-ல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பட்டாளம், ரஷ்யப் போர்முனை. 1944-ல் பிடிபட்டார். ஐந்து வருஷம் சோவியத் சிறை முகாம்கள். 1949-ல் விடுதலையாகி, பவேரியாவுக்கு வந்து, ஆரம்பப் பள்ளி ஆசிரியரானார். குட்டிச் சூனியக்காரி, குட்டிப் பிசாசு, ஹாட்சன்பிளாட்ஸ் என்ற வேடிக்கைத் திருடன் ஆகியோரைப் பற்றி அவர் எழுதியவை ஜெர்மன் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் தெரிந்தவை. கிராபாத்தை எழுத மட்டும் சுமார் பத்து வருஷம் பிடித்தது. நடுவில் எழுத முடியாமல் தத்தளித்து, மன ஆறுதலுக்காக எழுதியதுதான் 1962-ல் வந்த அந்தத் திருடன் கதை. கிராபாத் தன்னுடைய கதை, தன் தலைமுறையின் கதை, அதிகாரத்தின் வசீகரத்தில் சிக்கிக்கொள்ளும் இளைஞர் எல்லாருடைய கதையும்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இதோடு நின்றிருந்தால் விமரிசகன் வேலை சுலபம். ஆனால் பிராய்ஸ்லர் 2013-ல் காலமான பிறகு இன்னொரு விஷயம் பலருடைய கவனத்துக்கு வந்தது. இளம் பிராயத்தில் அவர் இன்னொரு கதையும் எழுதியிருக்கிறார். ஹிட்லரின் இளைஞர் படைச் சிறுவர்கள் அறுவடை முகாமில் உற்சாகமாக வேலை செய்வதைப் புகழும் புத்தகம் அது. போர்க்காலத்தில் அச்சாகியிருந்தது. பிற்காலத்தில் தம் நூல்களின் பட்டியலில் அதை அவர் சேர்த்துச் சொல்வதில்லை. 2015-க்குப் பிறகு இது பற்றிப் பேச்சு வளர்ந்தது. அவர் பெயர் சூட்டப்பட்டிருந்த பவேரியப் பள்ளி ஒன்று 2024-ல் அந்தப் பெயரை விட்டுவிட முற்பட்டது.

எழுதியவரின் வாழ்க்கையை வைத்து எழுத்தை அளக்கலாமா என்பது பழைய சர்ச்சை. பொதுவாக நான் கூடாது என்கிற கட்சி. ஆனால் இந்த நாவலை அதன் ஆசிரியரே தன் கதை என்று சொல்லிவிட்ட பிறகு, நாம் கண்ணை மூடிக்கொள்வது நியாயமில்லை. அவர் சொன்னது உண்மை; முழு உண்மை அல்ல. ஆலையில் பிடிபட்ட பையன் மட்டுமல்ல அவர். ஆலையைப் புகழ்ந்து பாட்டுக் கட்டிய பையனும்கூட.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடி படித்தபோது, முதலில் எனக்குத் தெரியாத ஒரு குறை தெரிந்தது. அமாவாசைதோறும் ஏழாவது கல்லில் அரைக்கிறார்களே, மூட்டை சுமந்து கொட்டுகிறவர்கள் இந்தப் பையன்கள்தாம். அவை யாருடைய எலும்புகள்? மூன்று வருஷத்தில் ஒருவனும் அதைக் கேட்டுப் போராடவில்லை. செத்துப்போன தோழர்களுக்காகக் கிராபாத் துயரப்படுகிறான். நாமும் துயரப்படுகிறோம். அரைபட்டவர்களுக்காக எவரும் துயரப்படுவதில்லை. அவர்களுக்குப் பெயரும் இல்லை. கடைசியில் எஜமானர் அழிந்து ஆலை எரியும்போது, பையன்கள் மந்திரத்தை இழந்து சாதாரண ஆலைத் தொழிலாளிகளாகிறார்கள். தண்டனை அவ்வளவுதான். விடுதலை பெற்றவர்களாக வெளியே போகிறார்கள். கணக்குக் கேட்பார் இல்லை.

போருக்குப் பிந்திய ஜெர்மனியில் ஒரு தலைமுறை முழுவதும் இப்படித்தான் வெளியே வந்தது. நாங்களும் அகப்பட்டுக்கொண்டவர்கள்தானே என்றது. அது பொய் இல்லை. ஆனால் அரைபட்டவர்களைப் பற்றி வெகு காலம் பேசவில்லை. நாவலின் மௌனமும் அந்தத் தலைமுறையின் மௌனமும் ஒரே இடத்தில் நிற்கின்றன. இதை ஆசிரியர் தெரிந்து செய்தாரா, தெரியாமல் நேர்ந்ததா என்று தீர்மானிக்க நான் முயலவில்லை. ஏழாவது கல்லை அவர் எழுதாமல் விட்டிருக்கலாம், எழுதினார். ஓசையை நம் காதில் விழ வைத்துவிட்டு, அதற்குமேல் போகவில்லை. புத்தகம் அதன் ஆசிரியரைவிடத் துணிச்சலாக இருக்கிறது என்று மட்டும் சொல்வேன். நல்ல நாவல்களுக்கு இது நேர்வது உண்டு.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். கிராபாத்தை மீட்க வரும் பெண். கிராமத்தில் ஈஸ்டர் இரவில் பெண்கள் பாடும்போது முன்குரல் கொடுப்பவள்; 'கன்டோர்கா' என்பது அதைக் குறிக்கும் சொல். அவளுடைய சொந்தப் பெயர் நமக்குக் கடைசி வரை தெரியாது. இதற்குக் கதையில் காரணம் உண்டு. முன்பு டோண்டா நேசித்த பெண்ணின் பெயர் எஜமானர் காதுக்கு எட்டி, அவள் மாண்டாள். எனவே பெயர் தெரியாதிருப்பதே பாதுகாப்பு. காரணம் சரிதான். ஆனால் பெயர் இல்லாதவளுக்குக் கோபம், பிடிவாதம், வீடு, வாசல் இருக்கக் கூடாதா? நாலைந்து சந்திப்புகளில் ஓர் இனிய குரலாகவே அவள் நின்றுவிடுகிறாள். இத்தனைக்கும் பழைய நாடோடிக் கதையில் மகனை மீட்க வருபவள் தாய். பிராய்ஸ்லர் தாயை எடுத்துவிட்டுப் பெண்ணை வைத்தார். தன் பிள்ளையைத் தாய் அறிவதில் அதிசயம் இல்லை; அந்நியப் பெண் அறிவதில்தான் பரீட்சை இருக்கிறது. மாற்றம் நல்லது. மாற்றிய பிறகு அவளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

ஆனாலும் கடைசிக் காட்சியில் என் குறையெல்லாம் ஒடுங்கிவிடுகிறது. வருஷக் கடைசி இரவு. அந்தப் பெண் ஆலைக்கு வந்து தன் பையனைக் கேட்கிறாள். அவனைக் கண்டுபிடித்தால் எஜமானர் அழிவார். தவறினால் இருவரும் சாவார்கள். பையன்களைக் காக்கைகளாக்கி நிறுத்துவார் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். எஜமானரோ அவள் கண்ணைக் கட்டிவிடுகிறார். வரிசையாக நிற்கும் பையன்கள் முன் அவள் நடக்கிறாள். கடைசியில் சரியாகச் சுட்டிக்காட்டுகிறாள். எப்படித் தெரிந்தது என்று பின்னால் அவன் கேட்கும்போது, அவன் பயப்படுவதை உணர்ந்ததாகச் சொல்கிறாள். தன் உயிருக்காக அல்ல, அவளுக்காக அவன் பயந்தான்.

நளன் கதை படித்தவர்களுக்கு இந்த இடம் சிலிர்க்கும். சுயம்வர மண்டபத்தில் ஐந்து நளர்கள், நால்வர் தேவர்கள். தமயந்தி எப்படிக் கண்டுபிடித்தாள்? தேவர்களுக்குக் கண் இமைக்கவில்லை, மாலை வாடவில்லை, கால் தரையில் பாவவில்லை. வியர்த்தவன், வாடிய மாலை தரித்தவன், மண்ணில் நின்றவன்தான் நளன். குறைகளாலேதான் மனிதனை அடையாளம் கண்டாள். நளனை உடம்பு காட்டிக்கொடுத்தது. கிராபாத்தைப் பயம் காட்டிக்கொடுக்கிறது. மூன்று வருஷம் ஆலையில் கற்ற வித்தையெல்லாம் பயத்தை ஒழிப்பதற்கான வித்தை. ஆலையின் வாரிசாக ஆகிவிடு என்று எஜமானர் ஆசை காட்டியபோது அவன் மறுத்தது பெரிய காரியம்தான். ஆனால் அவனை மீட்டது அந்த மறுப்பு மட்டும் அல்ல. இன்னொருத்திக்காக நடுங்கும் நடுக்கம் அவனிடம் மிச்சம் இருந்தது. ஆலை அதை அரைக்கத் தவறிவிட்டது.

சரி, தீர்ப்புக்கு வருகிறேன். என் தங்கை மகளுக்குச் சொல்ல நல்லதாய் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். குழந்தைகளுக்குப் பயம் புதிதல்ல. வகுப்பில் ஒருவனை எல்லாரும் ஒதுக்கும்போது பேசாமல் இருக்கும் பழக்கத்தை அவர்கள் ஏழு வயதிலேயே கற்றுவிடுகிறார்கள். அதற்கு ஒரு உருவம் கொடுத்துக் காட்டும் புத்தகம் கெடுதல் செய்யாது. ஆனால் துணைக்கு ஒரு பெரியவர் கூட இருப்பது நல்லது என்றெல்லாம். சொல்ல வாய்ப்பில்லாமல் போயிற்று. புத்தகத்தைத் திருப்பி வாங்கிப்போக அந்தச் சிறுமியே வந்தாள். "நான் அப்பவே படிச்சு முடிச்சுட்டேன் தாத்தா. அம்மாவுக்குத் தெரியாது" என்றாள்.

"பயமா இருந்ததா?"

"எலும்பு அரைக்கிறதுக்குக் கொஞ்சம். அதைவிட, அந்தச் செத்துப்போன அண்ணன் சட்டையைப் புதுப் பையன் போட்டுக்கிட்டு வந்தான் பாருங்க, அதுதான். அவங்க ஏன் தாத்தா ஓடிப்போகலை?"

மெர்ட்டன் என்ற பையன் ஓடிப் பார்த்ததையும், எங்கே ஓடினாலும் திரும்ப ஆலையிலேயே வந்து நின்றதையும் நினைவூட்டினேன். "அது மந்திரம். மத்தவங்க?" என்றாள். யூரோ என்பவன் முட்டாள்போல் நடித்து உயிர் பிழைத்ததையும், பிறகு அவனே கிராபாத்துக்கு வழி காட்டியதையும் சொன்னேன். அதுவும் போதவில்லை அவளுக்கு. வேறு வழியில்லாமல் நீலச் சட்டையின் கதையைச் சொன்னேன். இதுவரை என் மனைவியிடம்கூடச் சொல்லாத கதை.

குழந்தை கேட்டுக்கொண்டிருந்தாள். குற்றம் சாட்டவில்லை; ஆறுதலும் சொல்லவில்லை. கடைசியில், "அப்புறம் அந்த அண்ணனைத் தேடிப் போனீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இல்லை என்றேன். அவன் ஊர் எது என்று எனக்குத் தெரியும். கடையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். பெரியவனாகி, கையில் காசும் பெயரும் வந்த பிறகும் நான் போகவில்லை.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். படிக்கலாமா கூடாதா என்று அவள் தாயார் டெலிபோனில் கேட்டபோது, தாராளமாகப் படிக்கலாம் என்றேன். பெரியவர்கள்தான் கொஞ்சம் யோசித்துப் படிக்க வேண்டும் என்றும் சொன்னேன். நான் வேடிக்கையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவள் சிரித்தாள்.